மாமாவின் அடக்கமும் ஏழாவது பாட்டும்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. (குடி இல்லை. குடியாக இருந்திருந்தால் என் மாமியார் வீட்டில் எப்போதோ மன்னித்திருப்பார்கள்.) டிவியில் ஏதாவது ஒரு படத்தைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு, அதற்குச் சம்பந்தமே இல்லாத ஒரு இசை ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து போட்டு, இரண்டும் எங்கே பொருந்துகின்றன என்று பார்ப்பேன். வில்லன் கதவை உதைக்கும்போது சரியாக மிருதங்கம் விழுந்தால் எனக்குப் புல்லரிக்கும். பத்தில் ஒன்று பொருந்தும். பொருந்தாத ஒன்பதை வசதியாக மறந்துவிடுவேன்.

இந்தப் பழக்கத்தை நான் மாமனாரின் அடக்க வீடியோவிலும் காட்டினேன் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு இழுக்கிறேன்.

மாமா திண்டுக்கல்லில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். அத்தை இதய ஆபரேஷன் முடிந்து மதுரை ஆஸ்பத்திரியில் படுத்திருந்த வாரத்தில், இங்கே மாரடைப்பில் போய்விட்டார். அத்தைக்குச் சொல்லவில்லை. பத்து நாள் கழித்துத்தான் சொன்னோம். "டாக்டர் சொல்லக் கூடாதுன்னுட்டாரும்மா" என்றாள் என் மனைவி ஸ்டெல்லா. கட்டிய புருஷனின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக் கொடுத்துவைக்காத அத்தை, அந்த வீடியோவைப் பார்க்கவும் தைரியமில்லாமல், வருஷப் பூசை முடியட்டும் என்று தள்ளிப்போட்டார்.

காப்பி எடுப்பதற்காக வீடியோ என் கைக்கு வந்தது. வழக்கம்போல் சத்தத்தை அணைத்துவிட்டு ஒரு வயலின் ஆல்பத்தைப் போட்டேன். பெட்டியைக் குழிக்குள் இறக்கும் நொடியில் ஆறாவது பாட்டு அப்படியே தேய்ந்து அடங்கியது. நான் அழுதேவிட்டேன். இது மாமாவே மேலேயிருந்து செய்த ஏற்பாடு என்று முடிவு கட்டினேன். (மாமா உயிரோடு இருந்தவரை எனக்காக எந்த ஏற்பாடும் செய்ததில்லை என்பது அப்போது தோன்றவில்லை.)

வருஷப் பூசை முடிந்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சொந்தபந்தம் எல்லாம் டிவி முன்னால் உட்கார்ந்தது. அத்தை நடுவில். நான் வீடியோவை ஊமையாக்கி, என் போனிலிருந்து ஸ்பீக்கரில் வயலினை ஆரம்பித்தேன். எல்லாம் அருமையாகப் போனது. அத்தை சத்தமில்லாமல் அழுதார்.

அப்போது கரண்ட் போனது.

டிவி அணைந்தது. பேட்டரி ஸ்பீக்கர் அணையவில்லை. பாட்டை நிறுத்தியிருக்கலாம். ஆனால் அத்தை கறுப்பு டிவியைப் பார்த்தபடியே அழுதுகொண்டிருந்தார். அழுகிற நேரத்தில் நிறுத்தினால் மரியாதையாக இருக்காது என்று நினைத்தேன். ஐந்து நிமிஷத்தில் கரண்ட் வந்தது. வீடியோ விட்ட இடத்திலிருந்து ஓடியது. பாட்டு அதற்குள் வெகுதூரம் போயிருந்தது.

ஏழாவது பாட்டு தவிலோடு சேர்ந்த துள்ளல் பாட்டு. பெட்டியைத் தூக்கும்போது அது ஆரம்பித்தது. தூக்கியவர்கள் நால்வரும் தாளம் தப்பாமல் நடந்தார்கள். ஃபாதர் தவிலடிக்கு ஓர் அடியாகத் தீர்த்தம் தெளித்தார். மச்சான் அந்தோணி தேம்பத் தேம்ப, அவர் தோள் இரண்டும் கச்சிதமாகக் குலுங்கின. என் வாழ்நாளில் நான் கண்ட மிகச் சிறந்த பொருத்தம் அதுதான்.

பின்னால் யாரோ சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார்கள். அந்தோணி மச்சான் எழுந்து நின்றார். "ஏம்ப்பா, எங்க அப்பாவ எடுத்துட்டுப் போறோம், கரகாட்டமா நடத்துறோம்?"

நான் போனைத் தேடி நிறுத்துவதற்குள் ஒரு யுகம் போனது. அத்தைதான் பேசினார். "அதுல உள்ள சத்தத்த வைங்க மாப்பிள்ளை. அங்கன அன்னைக்கு என்ன பேசிக்கிட்டாகன்னு நான் கேக்கணும்ல."

ஸ்டெல்லா ரிமோட்டைப் பிடுங்கிச் சத்தத்தை வைத்தாள். காற்று. காக்கை. வண்டியைத் தள்ளி நிறுத்தச் சொல்லி யாரோ போட்ட சண்டை. பிறகு, கேமராவுக்கு வெகு பக்கத்தில், ஆஸ்பத்திரியில் அத்தைக்குத் துணையிருந்தவரிடம் போனில் பேசும் என் குரல்:

"அத்தைக்கு இப்பச் சொல்ல வேணாம். கேட்டா டாக்டர் சொன்னாருன்னு சொல்லிக்கலாம்."

அந்த வீடியோவை நான் இருபது தடவையாவது பார்த்திருப்பேன். ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. டாக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை. பக்குவமாகச் சொல்லி, ஆம்புலன்ஸில் கூட்டிப்போய்க் காட்டிவிட்டு வாருங்கள் என்றுதான் சொன்னார். பயந்தவன் நான். ஸ்டெல்லாவிடமும் பொய்தான் சொல்லியிருந்தேன்.

அத்தை என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒரு வருஷமா அந்த டாக்டரத்தான் வஞ்சுக்கிட்டு இருந்தேன்" என்றார். "பாவம், அந்த மனுசன்."

இன்றும் நான் வாசற்படி ஏறினால் அந்தோணி மச்சான், "மாப்பிள்ளை வந்துட்டாக, சத்தத்தக் கூட்டு" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், வேறு வழி?

அத்தை சிரிப்பதில்லை. மாதம் ஒருமுறை அந்த வீடியோவைப் போட்டு, முழுச் சத்தத்தோடு பார்க்கிறார். நான் பக்கத்தில் இருக்கும் நாட்களில் மட்டும், என் குரல் வருவதற்குச் சற்று முன்னால் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்துவிடுகிறார்.