மயில் மூக்கும் குவாரி இறக்கமும்

சைக்கிளில் மேடு ஏறும்போது எல்லா மனிதரும் ஒன்றுதான். மூச்சு வாங்கும், தொடை எரியும், இந்தச் சனியனை யார் கண்டுபிடித்தது என்று தோன்றும். இறங்கும்போதுதான் ஆளின் குணம் தெரியும். பிரேக்கை இறுக்கிப் பிடித்தபடி இறங்குகிறவர்கள் ஒரு ரகம். அவர்கள் நேரத்துக்குச் சாப்பிட்டு, ஒரே ஊரில் இருந்து, பிள்ளைகளைப் படிக்க வைத்து மரியாதையாக வாழ்வார்கள். பிரேக்கை விட்டுவிடுகிறவர்கள் இன்னொரு ரகம். நான் இரண்டாவது ரகம். (எங்கள் தெருவில் இதற்கு வேறு பெயர் உண்டு. எழுத முடியாது.)

பிறந்தது படாளம். ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டேன். அதன்பிறகு கரும்பு வெட்டினேன், ஜல்லி லாரியில் கிளீனராக இருந்தேன், இறால் பண்ணைக்குக் காவல் இருந்தேன், மாமல்லபுரத்தில் அலைச்சறுக்கு விளையாட வருகிறவர்களுக்குப் பலகை சுமந்தேன். எந்த வேலையிலும் ஒரு வருஷம் முழுசாகத் தங்கியதில்லை. நடுவில் பட்டினி கிடந்த நாட்களும் உண்டு. அது பெரிய விஷயமில்லை, வயிறு சீக்கிரம் பழகிக்கொள்ளும். எனக்குப் பழகாதது ஒரே இடத்தில் இருப்பது.

கல்யாணத்துக்குப் பிறகும் இதே கதைதான். வேலை மாறும்போதெல்லாம் வீடு மாறியது. புதுப்பட்டினத்தில் மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால் வாடகைக்குக் குடிபோன அன்று, அட்டைப்பெட்டியிலிருந்து மிக்சியை எடுத்தபடியே என் மனைவி செல்வி நிதானமாகச் சொன்னாள்.

"இந்தாய்யா, நல்லா கேட்டுக்க. நான் மூட்டை பிரிக்கிறது இதான் கடைசி. இந்த வேலையும் போச்சின்னா அடுத்த மூட்டை எங்க அம்மா வூட்லதான் பிரியும். நீ தனியா சுத்திகினு கெட."

செல்வி கத்தினால் பயமில்லை. அவள் நிதானமாகப் பேசினால் அதை அப்படியே செய்துவிடுவாள்.

அந்த வேலை, மாமல்லபுரத்தில் பாஸ்கர் அண்ணனின் வாடகை சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுவது. அண்ணனுக்குத் திடீரென்று ஒரு யோசனை வந்தது.

"மெட்ராஸ் ஆளுங்க ஈசிஆர் பீச் ரோட்டுலயே ஓட்டி ஓட்டி சலிச்சிப் பூட்டாங்கடா. தார் ரோடு கொஞ்சம், மண்ணு கொஞ்சம், ஜல்லி கொஞ்சம்னு கலந்து வேணுமாம். கொஞ்சம் கஷ்டப்படணுமாம்."

கஷ்டம் எனக்குக் கைவந்த பாடம். செங்கல்பட்டில் தொடங்கி, ஏரிக்கரை மேல் போய், மூடிக் கிடக்கும் ஒரு குவாரி மலையில் ஏறி இறங்கி, புதுப்பட்டினம் கடற்கரையில் முடிகிற ஒரு பாதையைச் சொன்னேன். லாரிக் காலத்தில் அந்தக் குவாரிப் பாதையின் ஒவ்வொரு வளைவிலும் நான் தூங்கியிருக்கிறேன். முடிகிற இடத்தில் செல்வியின் கையால் மீன் குழம்புச் சாப்பாடு என்றும் சேர்த்துக்கொண்டேன்.

"ஞாயித்துக்கிழமை மொத சவாரி. சரியா முடிச்சின்னா இனிமே வழிகாட்டி வேலை உன்னுது. ஒருத்தர் வழி தவறினாலும் நீ லாரிக்கே போயிடு," என்றார் அண்ணன்.

நான் கடைசி ஆளாக வரவேண்டும், யாருக்காவது வண்டி பழுதானால் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. அப்படியானால் முன்னால் போகிறவர்களுக்கு வழி யார் காட்டுவது? குவாரிப் பாதையும் அடிவாரத்து ஊரின் சந்துகளும் போன் வரைபடத்தில் சரியாக வராது. இந்த இடத்தில்தான் என் மூளை வேலை செய்தது. (அது எப்போதாவது வேலை செய்யும். செய்கிற அன்று ஊரே ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.) செல்வியின் கோல மாவு டப்பாவைக் கேட்காமல் எடுத்துக்கொண்டேன். சனிக்கிழமை சாயங்காலம் பாதை முழுக்க, திருப்பத்துக்குத் திருப்பம், தரையில் வெள்ளை வெளேரென்று அம்புக்குறி போட்டுவைத்தேன். அடிவாரத்து ஊரில் மட்டும் வீட்டுக்கு வீடு போட்டேன். குழந்தைகூட வழி தவறாது என்று எனக்கே பெருமையாக இருந்தது.

அது மார்கழி மாதம்.

மறுநாள் காலை எட்டுப் பேர் மின்சார ரயிலின் வெண்டர் பெட்டியில், கத்திரிக்காய்க் கூடைகளுக்கு நடுவே சைக்கிள்களோடு செங்கல்பட்டில் வந்து இறங்கினார்கள். உடம்பை ஒட்டிய பளபளப்பான உடை, காற்றைப் போல் கனமில்லாத வண்டிகள். என் வண்டியோ கடையில் கழித்துப்போட்ட உதிரிகளை நானே சேர்த்துக் கட்டிய இரும்பு. அரவிந்த் என்ற ஐடி கம்பெனித் தம்பி அதைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"அண்ணா, இதுக்கு நங்கூரம் எங்க இருக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இறக்கத்தில் கனம் எவ்வளவு பெரிய சொத்து என்று அந்தத் தம்பிக்குத் தெரியாது.

ஏரிக்கரையில் பனி விலகவில்லை. கரைமேல் போட்டிருந்த அம்புகள் பத்திரமாக இருந்தன. குவாரி மேட்டில் எல்லோரும் நாக்குத் தள்ள ஏறினார்கள். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் வித்யா மேடத்தின் டயரில் கூரான ஜல்லி ஏறிவிட்டது. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கூட்டத்தில் மூத்தவர். மற்ற ஏழு பேரும் முன்னால் போக, நான் பஞ்சர் ஒட்ட உட்கார்ந்தேன். ஒட்டி முடித்து உச்சிக்கு வந்து இரண்டு பேரும் கீழே பார்த்தோம்.

அடிவாரத்து ஊர் தெளிவாகத் தெரிந்தது. என் ஏழு பேரும் தெரிந்தார்கள். இரண்டு பேர் குளக்கரையில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தண்ணீர்த் தொட்டியடியில் நின்று தலையைச் சொறிந்தார். மூன்று பேர் வரிசையாக ஒரு மாட்டுக்கொட்டகைக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். இன்னொருவர் கடலுக்கு நேர் எதிர்ப்பக்கமாக, ஜிஎஸ்டி ரோடு என்கிற திருச்சி நெடுஞ்சாலையைப் பார்த்து மிதித்துக்கொண்டிருந்தார்.

"உங்க அம்பு எங்க?" என்றார் வித்யா மேடம்.

தெருவைப் பார்த்தேன். அம்பு இருந்த இடமெல்லாம் ரோஜா நிறம், நீலம், மஞ்சள் என்று பூத்திருந்தது. வாசலுக்கு வாசல் சாணம் தெளித்து, ஊர்ப் பெண்கள் தெருவை அடைத்துக் கோலம் போட்டிருந்தார்கள். தெருக்கோடியில் சாமியானா, ஒலிபெருக்கி. மார்கழிக் கோலப் போட்டி.

போன் அடித்துப் பார்த்தேன். ஏழு போன்களும் ஏழு முதுகுப் பைகளுக்குள் அடித்து ஓய்ந்தன. கண் முன்னால் செல்வி மிக்சியைத் திரும்ப அட்டைப்பெட்டிக்குள் வைத்தாள்.

"மேடம், நீங்க நிதானமா நடந்து வாங்க," என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினேன்.

அந்த இறக்கத்தைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

முதலில் தார். அங்கங்கே பெயர்ந்திருந்தாலும் தார். டயர் ரீங்காரம் போட்டது. நாலு மிதி மிதித்ததோடு சரி, அதற்குமேல் மிதிப்பதற்கு எதுவும் மிச்சமில்லை, மலையே தள்ளியது. முதல் வளைவுக்கு முன்னால் பிரேக்கைத் தொட்டேன், வளைவுக்குள் விட்டுவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்து காதுப்பக்கம் ஓடியது. தார் முடிந்து ஜல்லி வந்தது. ஜல்லியில் பிரேக் பிடித்தால் அத்தோடு கதை முடிந்தது. இடுப்பைப் பின்னால் தள்ளி, முழங்கையைத் தளர்த்தி, வண்டியை அதன் இஷ்டத்துக்கு ஆடவிட்டேன். பல் கிடுகிடுத்தது. எந்தக் கல்லைப் பார்க்கிறோமோ அந்தக் கல்லில்தான் வண்டி ஏறும் என்பதால் கல்லைப் பார்க்காமல் கல்லுக்கு நடுவிலிருந்த வழியை மட்டும் பார்த்தேன். லாரியின் கூரையில் உருண்டபடி மனப்பாடம் செய்த வளைவுகள் ஒவ்வொன்றாக வந்து, சொன்ன இடத்தில் சொன்னபடி திரும்பின. எந்தப் பரீட்சையிலும் எனக்கு இப்படி விடை வந்ததில்லை.

அப்புறம் செம்மண். சத்தம் உஸ்ஸென்று குறைந்தது. பின்சக்கரம் ஒருமுறை வழுக்கிப் பக்கவாட்டில் போய், யோசித்து, திரும்பி வந்தது. பயம் இருந்ததா என்று பின்னால் பலர் கேட்டார்கள். இருந்திருக்கும். ஆனால் நான் பாடிக்கொண்டு வந்தேன் என்றுதான் ஊரில் சாட்சி சொல்கிறார்கள். வேலை, வாடகை, அட்டைப்பெட்டி எல்லாம் மேலேயே நின்றுவிட்டன. உலகத்தில் நானும் அந்த இரும்பும் மட்டும்தான்.

கடைசியில் சிமென்ட் தெரு வந்தது. சத்தமே இல்லை. அந்த அமைதியில்தான் எவ்வளவு வேகம் என்று எனக்கு உறைத்தது.

தெரு முனையில் ஊர்க்காரர்கள் தாங்களே கட்டிய வேகத்தடை ஒன்று உண்டு. லாரிகளை நிறுத்தக் கட்டியது, ஆட்டுக்குட்டி உயரம் இருக்கும். அதில் ஏறினேன். இறங்கியதாக ஞாபகமில்லை. அடுத்து நான் தரையைத் தொட்ட இடம் ஒரு தாமரைக் கோலத்தின் நடு.

சாணம் தெளித்த சிமென்டில் கோல மாவு, அதன்மேல் சக்கரம். எண்ணெயில் ஓட்டுவது போல. பிரேக் பிடித்தேன். சக்கரம் நின்றது, வண்டி நிற்கவில்லை. தாமரை, தேர், சிக்குக் கோலம், பூசணிப்பூ வைத்த புள்ளிக் கோலம் என்று ஒன்றையும் விடாமல் நடுவில் பிளந்துகொண்டு, நிமிர்ந்த நெஞ்சோடு, விழாமல், தெருவின் முழு நீளத்தையும் கடந்தேன். சாமியானாவுக்கு முன்னால் வண்டி தானாக, மிகவும் மரியாதையாக நின்றது.

மலையிலிருந்து விழாமல் வந்தவன், நின்ற வண்டியில் காலை ஊன்ற மறந்து, கலர் மாவுத் தட்டுகள் அடுக்கியிருந்த மேசையின் மேல் சாய்ந்தேன்.

மாவுப் புகை அடங்கியதும் ஒரு குரல் கேட்டது. மகளிர் குழுத் தலைவி கஸ்தூரி அக்கா. போட்டிக்கு நடுவரும் அவர்தான்.

"இன்னாய்யா, மலைலேர்ந்து வுழுந்தியா?"

"இல்லக்கா. எறங்குனேன்."

"இதுக்குப் பேரு எறங்கறதா? பொழுது விடியறதுக்கு முன்ன குனிஞ்ச இடுப்பு, இன்னும் நிமிரல எங்களுக்கு."

பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். அதில் ஒருத்தி, "நேத்து அம்பு போட்டவன் நீதானா? ரோடு அகலம் பண்ண அளந்துட்டாங்கன்னு ஊரே பேஜாராயி உக்காந்துகினு கீது. நாங்களே தேச்சிக் கழுவினோம்," என்றாள்.

"எல்லாத்தையும் கழுவிட்டீங்களா?"

"நான் கழுவல," என்றாள் இன்னொருத்தி. "நல்லாத்தான இருந்துச்சின்னு மயிலுக்கு மூக்கா வச்சிக்கினேன்."

அப்போது இரைச்சல் கேட்டு, கலைந்து போன என் ஆட்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். ஊர் கூடினால் என்ன விஷயம் என்று பார்க்க வராத மனிதன் உண்டா? குளக்கரைக்காரர்கள் வந்தார்கள். ஜிஎஸ்டி ரோட்டுக்குப் போனவர்கூடத் திரும்பி வந்தார். அரவிந்த் தலைக்கவசத்தில் வைக்கோலோடு வந்தான்.

"அண்ணா, மயில் காட்டின பக்கம் போனோம். உள்ள மாடு கட்டியிருந்துச்சு."

ஏழு பேரையும் எண்ணிப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது? உடம்பெல்லாம் ரோஜா நிறத்தில், ஒரு கண் நீலத்தில், நான் சிரித்தேன். அது பெண்களுக்குப் பிடிக்கவில்லை.

"சிரிக்கிறான் பாரு. போட்டுட்டுப் போய்யா," என்றார் கஸ்தூரி அக்கா.

போட்டோம். அந்த இறுக்கமான உடையோடு அவர்கள் ஏழு பேரும், கலர் மாவோடு நானுமாக எட்டு ஆண்கள் தெருவில் மண்டியிட்டுப் புள்ளி வைத்தோம். நான் வைத்த புள்ளி வரிசை பாலாறு மாதிரி வளைந்து வளைந்து போனது. வித்யா மேடம் சாவகாசமாக நடந்து வந்து, மாவைக் கிள்ளி எடுத்து, சிக்குக் கோலத்தைக் கண்ணிமைக்கும் நேரத்தில் நேராக்கினார். ஊர்க்காரிகளுக்கு அவர்மேல் மட்டும் மரியாதை வந்தது. எங்களுக்கும் சுக்குக் காப்பி வந்தது.

பரிசளிப்பில் கஸ்தூரி அக்கா கடைசியாக என் பக்கம் திரும்பினார். "தெரு நீளத்துக்கும் கைய எடுக்காம ஒரே இழையில கோலம் போட்டவன் இவன் ஒருத்தன்தான். ஆறுதல் பரிசு." ஒலிபெருக்கியில் சொன்னார். ஒரு பச்சை பிளாஸ்டிக் குடம் கொடுத்தார்.

குடத்தைப் பின்னால் கட்டிக்கொண்டு புதுப்பட்டினம் வந்து சேர்ந்தபோது குழம்பு ஆறிப்போயிருந்தது. வாசலில் பாஸ்கர் அண்ணன். அவருக்குப் பின்னால் செல்வி. அவள் என் முகத்தைப் பார்த்தாள், குடத்தைப் பார்த்தாள்.

"மாவு டப்பா காலியா கெடந்தப்பவே நெனச்சேன். மார்கழில ராவோட ராவா தெரு பூரா கழுவுவாங்கன்னு தெரியாதாய்யா உனக்கு?"

யோசித்தேன். உண்மையாகவே தெரியாது. எந்த மார்கழி விடியலிலும் நான் ஒரு வீட்டில் இருந்ததில்லை.

"யாராவது வழி தவறினாங்களா?" என்றார் அண்ணன்.

நான் வாயைத் திறப்பதற்குள் அரவிந்த், "எல்லாருமே தவறினோம் சார்," என்றான். அவன் பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. செல்வியின் கை கரண்டியோடு நின்றது.

வித்யா மேடம்தான் பேசினார். "அடுத்த சவாரி எப்போங்க? அந்த இறக்கத்தை இன்னிக்கு நான் நடந்து வந்துட்டேன். அடுத்த தடவை ஓட்டணும். இவர் முன்னால போகட்டும், எந்தக் கல்லுக்கு நடுவுல போறார்னு நாங்க பார்த்துக்கிட்டே வர்றோம்."

"நானும் வர்றேன்," என்றான் அரவிந்த். மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "ஒருத்தர் தவறினா லாரிக்குப் போன்னு சொன்னேன். எல்லாருமே தவறினா இன்னா பண்றதுன்னு நான் சொல்லலியே. போயி மூஞ்சிய கழுவு."

செல்வி குழம்பைச் சுடவைக்க உள்ளே போனாள்.

அந்த வீட்டில்தான் இன்னும் இருக்கிறோம். நான் இப்போது முன்னால் போகிறவன். அரவிந்த் கனமான வண்டி ஒன்று வாங்கியிருக்கிறான். போன மாதம் மதுராந்தகத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். பந்தியில் செல்விக்குப் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு தூரத்து அத்தை, "உன் வூட்டுக்காரரு ஒரு வேலையிலயும் நிக்க மாட்டாரே, இப்போ இன்னாம்மா பண்றாரு?" என்று இழுத்தார்.

செல்வி அப்பளத்தை நொறுக்கியபடி, நிதானமாகச் சொன்னாள்.

"கோலம் போடறாரு அத்தே. சைக்கிள்ல."