ஹியர், லிசன், மொட்டை

இனிமேல் இந்த வீட்டில் எதற்கும் தலை குனிவதில்லை என்று அன்று சாயங்காலம் முடிவெடுத்தேன். காரணம், ஆங்கிலம்.

திருத்தணி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்து, ஊர் மனுக்களையெல்லாம் ஆங்கிலத்தில் அடித்துக் கொடுப்பவன் நான். என் மனைவி சௌமியா ஒரு மாதமாகத்தான் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் போகிறாள். அன்று வந்ததும் எனக்கே பாடம் எடுத்தாள். சத்தம் தானாகக் காதில் விழுந்தால் ஹியராம். மனசு வைத்துக் கேட்டால் லிசனாம்.

"பதினேழு வருஷமா நீங்க ஹியர் மட்டும்தான் பண்ணிகினு கீறீங்க" என்றாள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. உன் ஒவ்வொரு வார்த்தையையும் லிசன் பண்ணித்தான் 'ஆங்' போடுகிறேன் என்றேன்.

"அப்போ போன செவ்வாக்கெழம சொன்னது ஞாபகம் கீதா?"

ஒரு எழுத்துகூட ஞாபகம் இல்லை. விடுவேனா?

"ஏன் இல்லாம? காபி குடுத்துகினே சொன்ன. நானும் ஆங்னு சொன்னேன்."

"ரொம்ப சந்தோஷங்க. அப்போ கிருத்திகைக்கு மலைக்குப் போயி உங்களுக்கு மொட்டை போட்டுடலாம். வேண்டிகினேன்னு அதத்தானே சொன்னேன்."

நாற்பத்தெட்டு வயதில் வகிடு எடுத்து வாருகிறவன் எங்கள் தெருவில் நான் ஒருவன்தான். மற்றவர்களுக்கு வகிடு எடுக்க இடம்தான் இருக்கிறது, முடி இல்லை. முருகனோடு எனக்கு ஒரு மனஸ்தாபமும் கிடையாது. ஆனால் முடி விஷயத்தில் நான் சுயநலக்காரன்.

வேறு வழியே இல்லையா என்று கெஞ்சினேன். யோசித்தாள். ஆள் மனசார ஒப்புக்கொள்ளாத வேண்டுதல் மலையில் செல்லாதாம். கேட்காமலே தலையாட்டினேன் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டால் முருகன் மன்னித்துவிடுவாராம். சொல்லிக்கொண்டே போனில் ரெக்கார்டிங்கை அமுக்கி என் வாய்க்கு நேராக நீட்டினாள்.

முடி போனால் ஆறு மாதத்தில் முளைக்கும், மானம் முளைக்காது என்பது அந்த நேரத்தில் தோன்றவில்லை.

"என் பொஞ்சாதி பேசறது காதுல விழும். மத்தபடி நான் கேட்டதே இல்ல" என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னேன்.

அதை அப்படியே வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டு, ஹோம்வொர்க் முடிந்தது என்றாள். இரண்டு வார்த்தைக்கும் வீட்டிலிருந்தே ஓர் உதாரணம் கொண்டுவரச் சொல்லியிருந்தார்களாம். குரூப்பில் இருபது பெண்கள். இருந்துவிட்டுப் போகட்டும். தலையைத் தடவிப் பார்த்தேன். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. அப்பாடா என்று இருந்தது.

அந்தச் சந்தோஷத்தில், செவ்வாய்க்கிழமை சொன்னதை இன்றைக்காவது ஞாபகப்படுத்தினாயே என்று நன்றிகூடச் சொன்னேன்.

"போன செவ்வாக்கெழமயா?" என்றாள் சௌமியா. "அன்னிக்கு பூரா நான் பள்ளிப்பட்டுல எங்கம்மா வூட்லதானே இருந்தேன்."