‘புலி வருது’ செயலிக்கு ஒரு திருத்தம்

ஒரு காட்டில், நாலு ஆலமரத்தைச் சேர்த்துக் கட்டிய கணினிக் கல்லூரி ஒன்று இருந்ததாம். கடைசி வருஷம் ப்ராஜெக்ட் செய்யாமல் அங்கே யாருக்கும் பட்டம் கிடையாது.

நரி, ரெடிமேட் ப்ராஜெக்ட் ஒன்றைக் கடையில் வாங்கிவிட்டது. நூலக மேலாண்மை. அந்தக் காட்டில் நூலகமே இல்லை. அதனால் ப்ராஜெக்டில் யாரும் குறை கண்டுபிடிக்கவும் வழியில்லை.

அணில் கொய்யாமணிக்குத்தான் வம்பு. அவளுடைய வழிகாட்டி, மான் பேராசிரியர் புள்ளியப்பன், "நிஜ உலகத்துக்கு உதவுற மாதிரி செய்ம்மா" என்று சொல்லித் தொலைத்தார். அவளும் மூன்று மாதம் வாலைக்கூட ஆட்டாமல் உட்கார்ந்து, ‘புலி வருது’ என்றொரு செயலி செய்தாள். புலி பக்கத்தில் வந்தால் மான்களின் போன் அலறும். நானூறு மான்கள் அதை வைத்திருந்தன. நானூறும் உயிரோடு இருந்தன.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வு நாள் வந்தது. டீயும் பஃப்ஸும் வந்தன. எக்ஸ்டர்னலாக, அதாவது வெளியிலிருந்து மார்க் போட, வந்தவர் புலியார். வயிறு ஒட்டிப்போய், பெல்ட்டில் புதுசாக ரெண்டு ஓட்டை போட்டிருந்தார்.

"டெமோ காட்டு" என்றார்.

காட்டவே வேண்டியிருக்கவில்லை. புள்ளியப்பனின் போன் தானே அலறியது: "புலி மூன்றடியில்! புலி மூன்றடியில்!" அவர் பதறிப்போய் அதை அமர்த்தினார். எக்ஸ்டர்னல் முன்னால் போன் அடிப்பது மரியாதையா?

புலியார் பஃப்ஸைத் தள்ளிவைத்தார். "ஓஹோ, நீதானா அது? பதினோரு நாளாப் புல்லைத் திங்கிறேன் தாயி! ப்ராஜெக்ட் நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒருதலைப்பட்சம். மான் எங்கே இருக்குன்னு எனக்கும் காட்டணும். அந்தத் திருத்தம் போட்டாத்தான் கையெழுத்து."

கொய்யாமணி வழிகாட்டியைப் பார்த்தாள். "சார், நீங்களே சொல்லுங்க சார்."

முப்பது வருஷ சர்வீஸில் எக்ஸ்டர்னல் சொன்ன எதையும் புள்ளியப்பன் மறுத்ததில்லை. "சார் சொல்றது ரொம்ப நியாயம். போட்டுரும்மா."

"சார், நீங்க மான் சார்!"

"எக்ஸ்டர்னல் முன்னாடி எதிர்த்துப் பேசாதே!"

போட்டாள். ஒரே ஒரு வரிதான். புலியாரின் போன் கிணுகிணுத்தது: "மான் மூன்றடியில்!"

கொஞ்ச நேரம் கழித்து, வாயைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார் புலியார். "நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு! உலகத்துக்கு இவ்வளவு உடனடியாப் பயன்பட்ட ப்ராஜெக்டை நான் பார்த்ததே இல்லை."

கொய்யாமணி துள்ளிக் குதித்துக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினாள். ஆமை குமாஸ்தா ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டின் பக்கங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

"வழிகாட்டி கையெழுத்து எங்கேம்மா?"

"அவர்... எக்ஸ்டர்னல் கூடவே போயிட்டாருங்க."

"அப்ப அடுத்த வருஷம் வா."

நரி அந்த வருஷமே பட்டம் வாங்கியது.

நீதி: நிஜ உலகுக்குப் பயன்படும் ப்ராஜெக்டைச் செய்ய நினைப்பவர், வழிகாட்டியின் கையெழுத்தை முதல் நாளே வாங்கி வைத்துக்கொள்க.