பொத்தான் அளவுக் கட்டி

காலையில் சட்டைப் பொத்தான் அளவு இருந்த கட்டி, சாயங்காலம் கோட்டுப் பொத்தான் அளவாகியிருந்தது. மறுநாள் காலையில் மறுபடியும் சட்டைப் பொத்தான். தையல்காரருக்குத் தலை சுற்றியது. எத்தனையோ பேருடைய இடுப்பு ஏறி இறங்கியதை அளந்தவர்தான். ஆனால் ஒரே நாளில் இப்படி மாறும் உடம்பை அவர் கண்டதில்லை.

கட்டி இருந்தது குண்டனின் விலாவில். குண்டன் அவர் வீட்டு நாய். கட்டியின் மேல் மட்டும் முடி உதிர்ந்து, தோல் சிவந்திருந்தது.

"ஏங்க, டேப்பை இறுக்கிப் பிடிக்கிறீங்களோ?" என்றாள் மனைவி.

"என் டேப்பைக் குறை சொல்லாதே. உங்க அண்ணன் தொப்பையையே துல்லியமா அளந்தவன் நான்."

"அதைக் கண்ணை மூடிட்டே அளக்கலாம்."

களிம்பு வாங்கி வந்து அழுத்தித் தேய்த்தார். கட்டி இன்னும் உப்பியது. களிம்பை நாய் நக்காமலிருக்க ஒரு சட்டை தைத்து மாட்டினார். அது உரசி உரசிச் சிவப்பு அகலமானது.

"குண்டனுக்குக் கோட்டே தச்சாச்சு. என் பள்ளிக்கூடச் சட்டைக்கு இன்னும் காஜா எடுக்கலை" என்றாள் மகள்.

அவர் சிரிக்கவில்லை. கடையில் வெட்ட வேண்டிய துணி அப்படியே கிடந்தது. கதவைத் திறந்ததும் செருப்பைக் கவ்விக்கொண்டு ஓடிவரும் ஒருவன் இல்லாமல் போனால் வீடு எப்படியிருக்கும் என்று யோசித்தார். யோசிக்க யோசிக்கக் கை தானாகக் கட்டியின் மேல் போனது.

"நீங்களும் அமுக்குறீங்களா?" என்றாள் மனைவி.

"நீங்களும்னா?"

"நான் பாத்திரம் கழுவிட்டு வந்து ஒரு தடவை பார்ப்பேன். வலிக்குதான்னு."

மகள் மெல்ல நழுவப் பார்த்தாள். "நில்லு. நீ?" என்றார் அவர்.

"ஸ்கூல் விட்டு வந்ததும்... லேசாத்தான்பா."

தையல்காரர் தொடையில் தட்டிக்கொண்டார். புதிர் அவிழ்ந்துவிட்டது! ராத்திரி யாரும் தொடுவதில்லை, வற்றுகிறது. பகல் முழுக்க மூன்று பேர் அமுக்கினால் எது வீங்காது? குண்டனின் சட்டையைக் கழற்றி எறிந்தார். கட்டியில் யாரும் கை வைக்கக் கூடாதென்று ஆணையிட்டார். இரண்டே நாளில் கட்டி சட்டைப் பொத்தானுக்கும் சின்னதாகிப்போனது.

"டாக்டர்கிட்டப் போகவே வேண்டாம்" என்றார்.

"நேரம் வாங்கியாச்சு. போயிட்டு வந்துடுவோம்" என்றாள் மனைவி.

மருத்துவர் இளம்பெண். கட்டியில் மெல்லிய ஊசி செலுத்தித் துளி எடுத்து, கண்ணாடித் துண்டில் பூசி, நுண்ணோக்கியில் குனிந்தார். அதற்குள் தையல்காரர் நடந்ததையெல்லாம் சொல்லி முடித்துவிட்டார்.

"எல்லாம் எங்க கை பண்ணின வேலை, டாக்டரம்மா. தொட்டா வீங்குச்சு, விட்டா வத்திடுச்சு. வீணாப் பயந்துட்டோம்."

மருத்துவர் நிமிர்ந்தார்.

"வீணா இல்லைங்கய்யா. தொட்டா வீங்கி, விட்டா வத்துறதுதான் இந்தப் புத்துநோய்க் கட்டியோட அடையாளமே. அமுக்கினா இதோட செல்லெல்லாம் வீக்கத்தைக் கிளப்புற சாறைக் கக்கும். வத்தினதை நம்பி வீட்டுலயே இருந்திருந்தாத்தான் ஆபத்து. இப்ப சின்னதா இருக்கு. சுத்தி ரெண்டு விரக்கடை நல்ல தோலையும் சேர்த்து வெட்டி எடுத்துட்டா, பெரும்பாலும் திரும்ப வராது."