தாய்மாமன் மடியும் குதிக்கிற சைக்கிளும்

குதிப்பதற்கென்றே செய்த சைக்கிளில் ஊர்விட்டு ஊர் போக முடியும் என்று நம்பியவன் நான். நம்பியபோது எனக்கு வயது நாற்பத்திரண்டு. (இருபத்திரண்டாக இருந்திருந்தால் மன்னித்திருப்பார்கள்.)

என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. சினிமாவில் இடைவேளைக்கு முன்பே இரண்டு தடவை எழுந்துபோய் வருவேன். பந்தியில் ரசம் வருவதற்குள் கை கழுவிவிடுவேன். இதைச் சுறுசுறுப்பு என்று நான் சொல்லிவந்தேன். என் மனைவி மல்லிகா வேறு வார்த்தை வைத்திருந்தாள். அந்தச் சுறுசுறுப்புதான் ஒருநாள் என்னைப் பொம்மையார்பாளையத்துக்கு இழுத்துக்கொண்டு போனது. அங்கே கடலோர விடுதியில் தங்கியிருந்த வெள்ளைக்கார இளைஞன் ஒருவன், ஊருக்குத் திரும்பும் அவசரத்தில் தன் சைக்கிளை என் தலையில் கட்டினான்.

குட்டிச் சட்டம். தடித்த டயர். முன்சக்கரத்துக்கு மட்டும் ஸ்பிரிங், பின்னால் ஒன்றும் கிடையாது. கியரும் கிடையாது. சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே ஒரு மனிதக் கால் இருக்கவேண்டும் என்ற யோசனையே இல்லாமல் செய்திருந்தார்கள். மண்மேட்டில் ஏறிப் பறந்து, அந்தரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி இறங்குகிறவர்களுக்கான சைக்கிள் இது, நீண்ட தூரம் போக ஆகாது என்று அவன் சொல்லத்தான் சொன்னான். பறக்கிற சைக்கிளுக்குத் தரையில் ஓடுவதா கஷ்டம் என்று நான் நினைத்தேன். (கல்லூரியில் தர்க்கம் ஒரு பாடமாகப் படித்தவன் நான்.)

விழுப்புரத்தில் எங்கள் தெருவுக்குள் சில சுற்றுகள் சுற்றினேன். காடு மேடு என்று பாராமல் சைக்கிளில் போகிறவர்களைப் பற்றிப் பத்திரிகைகளில் படித்துப் படித்து ஏங்கியிருந்தேன். இனி நானும் அந்த ஜாதி. முதல் பயணத்துக்கு நாள்தான் பார்க்க வேண்டும்.

உலகத்தில் எத்தனையோ நாள் இருக்க, நான் பார்த்த நாள், தங்கை கலாவின் மகளுக்குப் பெருமுக்கல் மலைக்கோயிலில் காதுகுத்து வைத்திருந்த நாள்.

காதுகுத்தில் தாய்மாமனுக்கு ஒரே ஒரு வேலைதான். சம்மணம் போட்டு உட்கார்ந்து மடியைக் கொடுக்க வேண்டும். குழந்தையை அதில் வைத்துத்தான் காது குத்துவார்கள். மடி வராவிட்டால், ‘கூடப் பொறந்த அண்ணனே மடி குடுக்க வர்ல’ என்று கலாவின் மாமியார் ஆயுள் முழுக்கச் சொல்லிக் காட்டுவார். கலா அதற்குத்தான் பயந்துகொண்டிருந்தாள். போதாததற்கு எங்கள் சித்தப்பா மகன் ரவி, அவனும் முறைக்குத் தாய்மாமன்தான், பட்டு வேட்டி கட்டிக்கொண்டு எந்த நேரமும் உட்காரத் தயாராக இருந்தான்.

மல்லிகா சீர்த்தட்டுகளோடு முதல்நாளே கிளம்பினாள்.

“ஒயுங்கா பஸ்ல வந்துடுங்க. திண்டிவனத்துல எறங்கி மரக்காணம் பஸ் புடிச்சா ஆச்சு.”

“பஸ்ஸுல அவ்ளோ நேரம் எப்பிடிடீ உக்காந்துக்கினு வர்றது?”

“அங்க வந்தும் உக்காரத்தான் போறீங்க” என்றாள்.

விடிவதற்கு முன்பே புறப்பட்டேன். விக்கிரவாண்டி வருவதற்குள் அந்தச் சைக்கிளின் குணம் விளங்கிவிட்டது. உட்கார்ந்து மிதித்தால் முழங்கால் மார்பில் இடித்தது. எழுந்து நின்று மிதித்தால் முன்பக்க ஸ்பிரிங் ஒவ்வொரு மிதிக்கும் கீழே போய் ஒரு கும்பிடு போட்டு மேலே வந்தது. என் கால்கள் தையல் மிஷின் மாதிரி ஓடின. சைக்கிளும் தையல் மிஷின் மாதிரியே நின்ற இடத்தில் நின்றது. நெடுஞ்சாலை ஓரத்தில், இரண்டு பக்கமும் பால்கேன் தொங்க, பழைய சைக்கிளில் வெற்றிலை மென்றுகொண்டு வந்த ஒருவர் என்னைத் தாண்டினார். தாண்டியபின் திரும்பிப் பார்த்து, “இன்னா சார், ஒடம்பு கிடம்பு சரியில்லியா?” என்றார்.

சீட்டை உயர்த்திப் பார்க்கலாம் என்று நெம்பினேன். அதைத் தாங்கும் குழாய் ஒரு சாண்தான் போலிருக்கிறது, சீட்டோடு கையில் வந்துவிட்டது. மறுபடி சொருகினேன். மிச்ச தூரத்தை நின்றுகொண்டேதான் மிதித்தேன். நாள்பூராவும் நிற்கத் துடிக்கிற எனக்கு, உட்கார இடம் கிடைத்தால் போதும் என்ற ஞானம் திண்டிவனம் மேம்பாலத்தடியில் பிறந்தது.

கலாவிடமிருந்து போன்.

“அண்ணா, எங்க இருக்க?”

“வந்துட்டேன்மா, வந்துட்டேன்.”

“நீ காலையிலேர்ந்து வந்துக்கினேதான் இருக்க. இங்க எங்க அத்த ரவியப் பாக்குறாங்க, ஜமுக்காளத்தப் பாக்குறாங்க. நல்ல நேரம் முடியப்போவுது. ஜல்தி வாண்ணா.”

அப்போதாவது ஒரு பஸ்ஸுக்குக் கை காட்டியிருக்கலாம். நான் குறுக்கு வழியைக் கண்டுபிடித்தேன். பிரம்மதேசம் பக்கம் சாலை வளைந்து போகிறது, மலையோ எதிரே தெரிகிறது. ஏரிக்கரை வழியாக நேராக விட்டால் பாதி நேரம் மிச்சம். காடு மேடு ஓட்டும் என் கனவும் நிறைவேறும்.

கரைமேல் ஏறிவிட்டேன். மறுபக்கச் சரிவில் இறங்கியபோதுதான் பின்னால் மட்டும் பிரேக் இருக்கிற சைக்கிளின் அருமை தெரிந்தது. சரிவின் அடியில் ஒரு மண்திட்டு. சைக்கிள் அதைப் பார்த்தது. புறப்பட்டதிலிருந்து முதல்முறையாக அது சந்தோஷப்பட்டது என்று நினைக்கிறேன். திட்டில் ஏறி, வாய்க்காலுக்கு மேலே, அழகாகப் பறந்தது. நானும் பறந்தேன், வேறு திசையில். பிடுங்கிப்போட்டிருந்த மல்லாட்டைச் செடிக் குவியலில் விழுந்தேன். (மற்ற ஊர்களில் வேர்க்கடலை.)

செடி ஆய்ந்துகொண்டிருந்த பெண்கள் எழுந்து நின்றார்கள். ஓர் அம்மாள் என்னைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார்.

“யார் வூட்டுக் கொயந்த சைக்கிள்ப்பா இது? புடுங்கிக்கினு வந்துட்டியே, அது அயுவாதா?”

எலும்பெல்லாம் முழுசாக இருந்தது. மானத்தைப் பிறகு எண்ணிக்கொள்ளலாம் என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். மலையடிவாரத்தில் அதைப் போட்டுவிட்டு, பாறைப் படிகளில் சில இடங்களில் காலாலும் பல இடங்களில் கையாலும் ஏறினேன்.

மேலே ஜமுக்காளம் விரித்திருந்தது. ரவி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்காரப் பாதி குனிந்திருந்தான். “இரு!” என்று கத்தினேன். தலையில் மல்லாட்டை இலையோடு நான் நின்ற கோலத்தைப் பார்த்துக் கலா அழுதுகொண்டே சிரித்தாள்.

“வந்தாச்சு இல்ல, உக்காருங்க தம்பி” என்றார் மாமியார்.

உட்காரப் போனேன். முழங்கால் மடங்கவில்லை. காலையிலிருந்து நின்றே மிதித்த தொடைகள் இரண்டும் உலக்கையாக இறுகியிருந்தன. கலாவின் கணவர், எங்கள் மாப்பிள்ளை, ஒரு பக்கமும் ரவி ஒரு பக்கமும் பிடித்து, கட்டில் மடக்குவதுபோல் என்னை மடக்கினார்கள். தொடையில் சதை பிடித்துக்கொள்ள, நான் போட்ட கூச்சல் அடிவாரம்வரை கேட்டிருக்கும்.

காது குத்த வந்திருந்த நகைப் பத்தர் ஊசியைத் துடைத்தபடி திரும்பினார். “நான் இன்னும் குத்தவே இல்லியேப்பா, யாரு கத்தறது?”

ஒருவழியாகக் குழந்தையை மடியில் வைத்தார்கள். அது அழவில்லை. என் தொடைகள் தாமாகவே கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்ததால், ஏதோ ராட்டினத்தில் ஏற்றிவிட்டார்கள் என்று கைகொட்டிச் சிரித்தது. பத்தர்தான் ஊசியோடு நெருங்கினார், விலகினார், நெருங்கினார்.

“பேஜாரா கீதே. மடி நின்னாத்தான் நான் குத்த முடியும்.”

“ரவி, நீயே உக்காரேன்ப்பா” என்றார் மாமியார்.

கலாவின் முகம் சுண்டியது. அதைப் பார்த்ததும் மல்லிகா சீர்த்தட்டைக் கீழே வைத்தாள். நேராக வந்து, கூட்டத்தின் நடுவே, என் இரண்டு முழங்கால்களின்மேலும் தன் கைகளை ஊன்றி முழுப் பாரத்தையும் போட்டு அழுத்தினாள். “ரவி, உங்கண்ணன் முதுகப் புடி. மாப்ள, நீங்க தோளு. பத்தரே, குத்துங்க!”

குத்தினார். இன்றும் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் போட்டோ அப்படித்தான் எங்களுக்குக் கிடைத்தது. குழந்தை தன்பாட்டுக்குச் சிரித்தபடி உட்கார்ந்திருக்கிறது. தாய்மாமனை மூன்று பேர் அமுக்கிப் பிடித்திருக்கிறார்கள். யாருக்குக் காதுகுத்து என்று புதிதாகப் பார்க்கிறவர்கள் கேட்காமல் இருந்ததில்லை.

வலது காது ஒழுங்காக வந்தது. இடது காது குத்தும்போது என் தொடை ஒருதரம் துள்ளியதில், துளை கொஞ்சம் மேலே போய்விட்டது. இப்போது அவள் பள்ளிக்கூடம் போகும் பெண். எந்தக் கம்மல் போட்டாலும், எதிராளி சொல்வதை நம்பாமல் தலையைச் சாய்த்துக் கேட்கிற மாதிரியே இருப்பாள். சைக்கிள், அன்று சமையல் பாத்திரங்களோடு வேனில் ஏறி வீடு வந்தது. அதன்பின் அது எங்கும் போகவில்லை.

சில வருஷம் கழித்துக் கலாவுக்குப் பையன் பிறந்தான். அவனுக்கும் அதே மலையில் காதுகுத்து. நாள் குறித்ததும் கலாவின் மாமியார் மல்லிகாவுக்குப் போன் செய்தார். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். (உட்காரவில்லை.) பூ, பழம், ஆட்கள் எண்ணிக்கை எல்லாம் பேசி முடித்துவிட்டு, கடைசியில் அந்த அம்மாள் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

“உங்க வூட்டுக்காரரு மடிய மட்டும் மொத நாளே பஸ்ல ஏத்தி அனுப்பிடும்மா. மிச்சத்த அவரு சைக்கிள்ல வச்சிக்கினு பொறுமையா வரட்டும்.”