அதென்னதுங்க அக்கா போட்ட புது வரிசை

கொல்லிமலையில் பிறந்து, கொல்லிமலையில் வளர்ந்து, மிளகுக் கொடி ஏற்றி, மரவள்ளி பிடுங்கி, நாற்பத்தெட்டாவது வயதில் கொல்லிமலைப் பெண்ணாக நடிக்க வேலைக்குச் சேர்ந்த ஒரே ஆள் இந்த உலகத்தில் அதென்னதுங்க அக்காதான். நடிப்பு போதவில்லை என்று அவருக்கு மூன்று நாள் பயிற்சி வேறு கொடுத்தார்கள்.

இரண்டு வருடம் இருக்கும். செம்மேட்டுக்குக் கொஞ்ச தூரத்தில் ஒரு பொழுதுபோக்குப் பூங்கா. எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றி ஏறி, வழியெல்லாம் வாந்தி எடுத்து முடித்தவர்களை மறுபடியும் ராட்டினத்தில் ஏற்றிச் சுற்றுவதுதான் அதன் தொழில். அதற்குள் புதிதாக ஒரு பகுதி திறந்தார்கள். மலைக்கு மேல் ஃபைபரில் இன்னொரு மலை. பெயர் ஆதிமலை. ஃபைபர் குகை, ஃபைபர் பலாமரம், ஸ்பீக்கரில் மைனா, பனியைக் கக்குவதற்கு ஓர் இயந்திரம். வெளியே நிஜப் பனி இறங்கினால் எதிரில் நிற்கும் ஆள் தெரியாது. அந்தப் பனியைத் துழாவிக்கொண்டு வந்து, இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று, நான்கு நிமிடம் கரண்டில் ஓடும் குட்டி வண்டியில் உட்கார்ந்து செயற்கைப் பனியைப் பார்த்து, "அப்படியே நிஜம் மாதிரியே இருக்குப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள் மக்கள்.

பட்டப்படிப்பை முடித்துவிட்டு, அடிவாரத்துப் பேளுக்குறிச்சியிலிருந்து நான் அங்கே வேலைக்குப் போனேன். பதவியின் பெயர் வரிசை ஒருங்கிணைப்பாளர். தகரக் கொட்டகைக்குள் இரும்புக் கம்பிகளை வளைத்து வளைத்துப் போட்டு, ஒரே இடத்தில் ஒரு கிலோமீட்டர் நடக்கவைக்கும் ஏற்பாடு அது. அதன் முன்கோடியில், குகைக்குள் போகும் கதவில் மெகாபோனோடு நின்று, எப்போது கேட்டாலும் "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்று சொல்ல வேண்டும். படித்த படிப்புக்கு ஏற்ற வேலைதான்.

பயிற்சி கொடுத்தவர் எங்கள் மேனேஜர், சென்னைக்காரர். அவருக்குப் பிடித்த சொல் 'மூழ்குதல்'. முதல் நாள் எங்களையெல்லாம் உட்கார வைத்து, "நம்ம கெஸ்ட் உள்ள வந்ததும் மூழ்கிடணும். முழுசா மூழ்கணும். வெளியுலகமே மறந்துடணும்" என்றார். பின்னாலிருந்து ஒரு கை எழுந்தது.

"ஏனுங்க சார், இங்க கொளம் ஒண்ணும் காணமுங்களே. எதுல மூழ்குவாங்க?"

"அனுபவத்துலம்மா."

"ரொம்ப ஆழமுங்களா?"

மலையிலேயே தேவனூர் நாடு என்கிற பகுதியிலிருந்து வந்திருந்த அந்த அக்காவை நான் முதலில் கவனித்தது அப்போதுதான். அன்றிலிருந்து மேனேஜருக்கு மூழ்கல் சார் என்று பெயர் நின்றுவிட்டது.

மூழ்கல் சாரின் சட்டம் ஒன்றே ஒன்று. ஆதிமலையில் காலம் நின்றுவிட்டது. அங்கே வேலை செய்பவர்களுக்கு பஸ், போன், கரண்டு எதுவும் தெரியாது. யாராவது கேட்டால் புரியாமல் விழிக்க வேண்டும். நாங்களெல்லாம் டீ குடிக்கும் நேரத்துக்குள் அதை மறந்துவிட்டோம். அக்கா மறக்கவில்லை.

கழுத்தில் ஏழு சரம் பாசிமணியும் தலையில் கோழி இறகும் மாட்டி, கதவுக்குப் பக்கத்து மேடையில் சாமை குத்துவதற்கு அவரை நிறுத்தினார்கள். மலையில் தலையில் இறகோடு திரிந்தவை கோழிகள் மட்டும்தான் என்று அவர் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை. உரலும் ஃபைபர். மூன்றாவது குத்தில் உலக்கை உரலின் அடி வழியாக வெளியே வந்தது. மறுநாள் தன் வீட்டு உரலையே தூக்கிக்கொண்டு வந்தார். மூழ்கல் சார் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஒரிஜினல் மாதிரி இல்லையேம்மா" என்று வருத்தப்பட்டார். பேச்சிலும் குறை கண்டுபிடித்தார்.

"இன்னும் கொஞ்சம் மலைக்காரங்க மாதிரி பேசுங்கம்மா."

"எப்படீங்க சார்?"

அவர் இரண்டு கைகளையும் தூக்கி, "ஓய் ஓய்" என்று குதித்துக் காட்டினார். அக்கா மரியாதையோடு கடைசிவரை பார்த்தார்.

"நல்லாருக்குதுங்க சார். இது எந்த மலைங்க?"

திறந்த அன்றைக்கே சேலத்துக்காரர் ஒருவர் போனில் டிக்கெட்டைக் காட்டினார். அந்தக் கறுப்புக் கட்டத்தைப் பார்த்த அக்கா, "அதென்னதுங்க?" என்றார்.

"கியூஆர் கோடும்மா. ஸ்கேன் பண்ணு."

"கோலமுங்களா? நல்லா நெருக்கமா போட்டிருக்கீங்க. எத்தன புள்ளீங்க?"

அவர் கோபத்தில் என்னைப் பார்த்தார். நான் மூழ்கல் சாரைப் பார்த்தேன். மூழ்கல் சார் கண் கலங்கி நின்றிருந்தார். தன் வாழ்நாளில் இப்படியொரு மாணவியை அவர் கண்டதில்லை.

அதற்கப்புறம் எல்லாவற்றுக்கும் அதே கேள்விதான். ஏசி எங்கே என்றால் அதென்னதுங்க. வைஃபை பாஸ்வேர்டு என்றால் அதென்னதுங்க. ஒருநாள் ஒரு பெரியவர் நெளிந்துகொண்டே வந்து பாத்ரூம் எங்கே என்று கேட்டார்.

"அதென்னதுங்க?"

பாவம் அவர், வரிசையில் நின்ற அறுபது பேர் பார்க்க, கையாலும் காலாலும் நடித்துக் காட்டினார். அக்கா பொறுமையாகப் பார்த்து முடித்தார். "ஓ, அதுங்களா? இத்தாப்பெரிய மலை இருக்குதுங்களே" என்றவர், அந்த மனிதர் முகம் போன போக்கைப் பார்த்து மனமிரங்கி, உலக்கையை மெதுவாக வலது பக்கம் சாய்த்தார். அங்கேதான் கழிப்பறை.

கடைசியில் அது மூழ்கல் சாரிடமே போய் நின்றது. மேடையில் அவர் மறந்து வைத்துவிட்டுப் போன வாக்கி டாக்கி தானாகப் பேச ஆரம்பித்திருக்கிறது. அவர் அரக்கப் பரக்க ஓடி வந்து, "இங்க ஒரு கறுப்பு பாக்ஸ் இருந்துச்சே?" என்றார்.

"அதுங்களா சார்? ஆளில்லாம பேசுச்சுங்க. காத்துக் கருப்பு புடிச்சிருக்கும்னு தொட்டித் தண்ணில போட்டுட்டனுங்க."

"என்னது?"

"நல்லா மூழ்கிருச்சுங்க."

திட்டவும் முடியாது, சட்டம் அவருடையது. போதாததற்கு இணையத்தில் எங்களுக்கு நட்சத்திரங்களை வாரி வழங்கிய எல்லோரும், வெளியுலகமே தெரியாத அந்தப் பெண்மணியைத்தான் பாராட்டியிருந்தார்கள். அந்தப் பெண்மணி மாலை ஐந்தரைக்குப் பாசிமணியைக் கழற்றி, ஹெல்மெட் மாட்டி, சேலத்தில் நர்சிங் படிக்கும் மகளோடு காதுக் கருவியில் பேசியபடி ஸ்கூட்டரில் பறப்பார். பஸ்ஸுக்கு நின்ற ஒரு குடும்பம் ஒருநாள் வாய் பிளந்து பார்த்தது. அக்கா வண்டியை நிறுத்தி, "உள்ள சாமை குத்துறவ எங்கக்காங்க. பாவம், ஒண்ணும் தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்படியே போயிருந்தால் இது வெறும் சிரிப்புக் கதையாக நின்றிருக்கும். ஆயுத பூஜைக்குத் தொடர்ந்து நான்கு நாள் விடுமுறை வந்தது.

தமிழ்நாட்டில் பாதிப்பேர் மலையேறி வந்துவிட்டது போல இருந்தது. நம் ஊர் வரிசையின் இலக்கணப்படி, ஓர் ஆள் நிற்பார். பக்கத்தில் போனதும் அவருடைய மாமனார் வீடு மொத்தமும் கம்பிக்கடியில் நுழைந்து வந்து சேரும். கொட்டகை பதினொரு மணிக்கே நிரம்பிவிட்டது. பன்னிரண்டுக்கு மழை பிடித்தது. வெளியே நின்ற கூட்டமும் நனையாமலிருக்க உள்ளே முண்டியது. அப்போது பார்த்துக் கரண்டு போனது. ஜெனரேட்டர் இருமுறை இருமிவிட்டு நின்றது. உள்ளே போன வண்டிகளை ஆட்கள் கையால் தள்ளி, அடுத்த பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். இந்தப் பக்கக் கதவு பூட்டியே இருந்தது. சாவி என் கழுத்தில் தொங்கியது.

மூழ்கல் சார் போனில் சொன்னார்: "கதவைத் திறக்காதீங்க. இருட்டுல ஃபைபர் பாறையெல்லாம் பாத்துட்டா அனுபவமே போயிடும். கரண்டு இல்லேன்னும் சொல்லாதீங்க. அஞ்சு நிமிஷம்னு சொல்லுங்க."

நான் சொன்னேன். முக்கால் மணி நேரமாக அந்த ஐந்து நிமிடத்தையே சொன்னேன்.

முன்வரிசைக் கம்பியில் மஞ்சள் கவுன் போட்ட ஒரு சின்னப் பெண் அழுந்தி நின்றாள். முதலில் அழுதாள். அப்புறம் அழுகை நின்றுவிட்டது. அதுதான் பயமாக இருந்தது. அவளுடைய அம்மா அவளைத் தூக்கப் பார்க்கிறார், கையை உருவக்கூட இடமில்லை. "பின்னாடி போங்க, பின்னாடி போங்க" என்று மெகாபோனில் கத்தினேன். பின்னால் இருந்தவர்களுக்கு அது 'முன்னால் ஏதோ நடக்கிறது' என்றே கேட்டிருக்க வேண்டும். இன்னும் தள்ளினார்கள். நடுவில் ஓர் இளைஞர் போனை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டே, "இதுவும் ஷோதான் மச்சி, வேற லெவல்" என்றார். மூழ்கல் சாரின் கனவு அன்றைக்குத்தான் முழுதாகப் பலித்தது.

பக்கத்தில் உலக்கைச் சத்தம் நின்றது. திரும்பினால் அக்கா மேடையில் இல்லை. பக்கவாட்டுப் பாதையில், மழையில், உலக்கையைத் தோளில் வைத்துக்கொண்டு கொட்டகைக்குப் பின்பக்கம் போய்க்கொண்டிருந்தார். ஓடிவிட்டார் என்று நினைத்தேன். எனக்கும் ஓட ஆசையாக இருந்தது.

அங்கே நடந்ததைப் பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பின்னால், மலை விளிம்பு வரை வெறும் மைதானம். அதன் கோடியில் வேலியோரமாகப் போய் உலக்கையைச் சேற்றில் ஊன்றினார் அக்கா. சும்மா நின்றார். பிறகு கொட்டகை வாசலில் கடைசியாக நின்ற தம்பதியைப் பார்த்து, சத்தமில்லாமல் கையசைத்தார். அவர்கள் என்னவோ ஏதோ என்று நடந்து வந்தார்கள்.

"ஏனுங்க, வாங்க. எனக்குப் பின்னால நில்லுங்க."

"இது எந்த லைனும்மா?"

"புது லைனுங்க. கடைசில இருக்கறவங்களுக்குத்தான் இங்க மொதோ எடம்."

"எதுக்குன்னு சொல்லு."

"நின்னா தெரியுமுங்க."

அவ்வளவுதான். இரண்டு பேர் நின்றார்கள். இரண்டு பேர் நிற்கிறார்களே என்று ஆறு பேர் நின்றார்கள். ஆறு பேர் நிற்கும் வரிசையை விட்டுவிட நம்மால் முடியுமா? பத்து நிமிடத்தில் மைதானத்தின் பாதிவரை வால் நீண்டுவிட்டது. கொட்டகை பின்னாலிருந்து ஆள் ஆளாக உதிர்ந்தது. ஓட்டமில்லை, தள்ளலில்லை. அக்கா வரிசையின் பக்கமாக நடந்து, "மெதுவா வாங்க சாமி, எடம் எங்கயும் போகாது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். முன்பக்கம் நெருக்கம் தளர்ந்தது. அப்போதுதான் எனக்கு வீரம் பிறந்து கதவைத் திறந்தேன். மஞ்சள் கவுன் பெண்ணைக் கம்பிக்கு மேலாகத் தூக்கி வாங்கினேன். என் தோளில் சாய்ந்து ஒரு மூச்சு இழுத்தாள் பாருங்கள், அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கொட்டகைக்குள் ஒரு குவியல் செருப்பு மட்டும் மிஞ்சியது.

மைதானத்தில் முதல் ஆளாக நின்றவருக்குப் பொறுமை போய்விட்டது. "என்னம்மா இருக்கு இங்க? சொல்லித் தொலை" என்றார். அக்கா தலையிலிருந்த இறகை எடுத்தார்.

"ஒண்ணும் இல்லீங்க. கரண்டு போயிருச்சு. ஜெனரேட்டரும் ஓடல. உள்ள கொழந்தைங்க நசுங்குச்சுங்க. அதான் உங்களையெல்லாம் இங்க கூட்டியாந்தேன்."

"இத அங்கயே சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா வந்திருப்பீங்களா?"

அவர் தனக்குப் பின்னால் நீண்டிருந்த வாலைத் திரும்பிப் பார்த்தார். "எது எப்படியோ, நான்தான் ஃபர்ஸ்ட்" என்றார். அங்கிருந்து நகரவே இல்லை. மழை விட்டு, பனி விலகி, வேலிக்கு அப்பால் கீழ்நாடு மொத்தமும் தெரிந்தபோது, அவர்தான் முதலில் பார்த்தார். பூங்கா மூடும்வரை அந்த வரிசை கலையவில்லை.

மறுவாரம் அந்த இடத்தில் கயிறு கட்டி, 'இயற்கைக் காட்சி முனை' என்று பலகை மாட்டித் தனி டிக்கெட் போட்டார்கள். அக்காவுக்கு மெமோ வந்தது. விருந்தினர் முன்னிலையில் 'கரண்டு', 'ஜெனரேட்டர்' ஆகிய சொற்களைப் பயன்படுத்தி அனுபவத்தைக் குலைத்தது ஏன் என்று கேட்டிருந்தார்கள். அக்கா அதை இருமுறை படித்தார். மடித்து மேனேஜர் மேஜையில் வைத்தார். "சார், நான் வாரேனுங்க" என்று சொல்லிவிட்டு, உரலை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு போய்விட்டார். அடுத்த மாதம் நானும் விலகினேன். அவரைப் போலக் கம்பீரமாக இல்லை, நோட்டீஸ் கொடுத்துவிட்டுத்தான்.

போன மாதம் செம்மேட்டுச் சந்தையில் மிளகு மூட்டையோடு அக்கா உட்கார்ந்திருந்தார். மூழ்கல் சாரைப் பற்றிப் பேசி இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அக்கா கையிலிருந்த மிளகைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அன்னிக்கு அங்க தனியா நின்னப்ப உலக்கையத்தான் இறுக்கிப் புடிச்சுக்கிட்டேன் கண்ணு. ஒருத்தரும் வராமப் போயிருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு இன்னும் நெனப்பு வருது."

"யார் வராட்டியும் நான் வந்து நின்னிருப்பேன்க்கா."

பொய். அன்றைக்கு நான் கழுத்தில் சாவியோடு 'இன்னும் அஞ்சு நிமிஷம்' என்று சொல்லிக்கொண்டிருந்தவன். அக்காவுக்கும் அது தெரியும். இருந்தும், "நீ வந்திருப்ப சாமி" என்றார்.

இனி அவர் எந்த மைதானத்தில் போய் நின்றாலும் சரி, நான் பின்னால் போய் நின்றுகொள்வேன். எதற்கு என்று கேட்கமாட்டேன்.