நாவற்கேணி ஒன்றியத்தின் முழங்கால் உபகுழு

மனித நாகரிகம் சக்கரத்தில் தொடங்கியது என்று பள்ளிக்கூடத்தில் எங்களுக்குப் படிப்பித்தார்கள். பிழை. அது முழங்காலில் தொடங்கியது. இந்த மாபெரும் உண்மையை உலகுக்கு அறிவித்த பெருமை, லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு பலசரக்குக் கடையின் மேல்மாடியில் இயங்கும் நாவற்கேணி மக்கள் ஒன்றியத்தையே சாரும். அதன் செயலாளர் என்ற முறையில், அந்த வரலாற்றைக் கூட்டக்குறிப்பில் வரிக்கு வரி பதியும் பாக்கியம் அடியேனுக்குக் கிடைத்தது.

எங்கள் தலைவர் யோகராஜா ஒரு காப்புறுதி முகவர். அவருடைய வாடிக்கையாளர்களில் ஒருவர் ஆங்கிலேயக் கனவான். ஸ்கொட்லாந்தில் அவருக்குச் சொந்தமாக ஒரு மலையே இருக்கிறது. அந்தக் கனவான் ஒக்ரோபர் மாதம் தம்முடைய மலைக்கு நான்கு பேராக வந்து மான் வேட்டையாடும்படி தலைவருக்குக் கடிதம் எழுதியிருந்தார். தலைவர் அந்தக் கடிதத்தை லமினேற் செய்து கூட்டத்துக்குக் கொண்டுவந்தார்.

"பாருங்கோ, வெள்ளைக்காரன் எங்களுக்குக் கடிதம் போட்டு வாங்கோ எண்டு கூப்பிடுறான்!" என்றார்.

"இதுக்கு முதல் வெள்ளைக்காரன் எனக்குப் போட்ட கடிதமெல்லாம் குரோய்டன் குடிவரவுக் கந்தோரில இருந்து வந்தது. ஒண்டிலயும் வாங்கோ எண்டு இருக்கேல்லை" என்றார் பொருளாளர் மேர்வின்.

கடிதத்தின் கடைசியில் ஒரு சின்னக் குறிப்பு இருந்தது. மானைக் கண்டபின் மிச்சத் தூரத்தை முழங்காலில் தவழ்ந்துதான் கடக்கவேண்டும். நிலம் ஈரமும் கல்லும். அதற்கு ஏற்ற ஆயத்தத்துடன் வரவும்.

எல்லோரும் குனிந்து அவரவர் முழங்காலைப் பார்த்தோம். தலைவருக்கு அறுபத்தொரு வயது. மேர்வினுக்கு ஐம்பத்தெட்டு. எனக்கு அதற்கு ஒன்று குறைவு. இளைஞர் அணித் தலைவர் ரதீசன் முப்பத்துநாலு வயதுக்காரர், ஜிம்முக்குப் போகிறவர். ஆனால் அங்கே யாரும் தவழ்வதில்லையாம்.

"நான் கடைசியா முழங்காலில நிண்டது ஏழாம் வகுப்பில, கணக்கு வாத்தியார் நிக்க விட்டு. அதுக்குப் பிறகு ஒருத்தருக்கும் முழங்காலை மடக்கினதில்லை" என்றார் தலைவர்.

"வேட்டை எந்தக் கிழமை?" என்று நான் கேட்டேன்.

"வெள்ளி."

"வெள்ளிக்கிழமை நீங்கள் மச்ச மாமிசம் தொடமாட்டியளே, தலைவர்?"

தலைவர் ஆழ்ந்து யோசித்தார். "சுடலாம். சாப்பிடத்தான் ஏலாது" என்று தீர்ப்பளித்தார். இது ஏகமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது.

அன்றே 'வேட்டைக்கால முழங்கால் பாதுகாப்பு உபகுழு' நிறுவப்பட்டது. வேட்டைக்குப் போகும் நாங்கள் நால்வருமே அதன் உறுப்பினர்கள். பாரபட்சம் இருக்கக்கூடாது என்பதற்காக எங்களை நாங்களே தெரிவுசெய்தோம்.

முதல் கூட்டத்திலேயே ஓர் அரசியலமைப்பு நெருக்கடிக்கு வித்திடப்பட்டது. முழங்கால் கவசத்துக்கு ஆங்கிலத்தில் 'நீ பாட்' என்று பெயர் என ரதீசன் விளக்க, நானும் குறிப்பில் 'தலைவர் நீ பாட் அணிவார்' என்று எழுதிவிட்டேன். அடுத்த கூட்டத்தில் அதை வாசித்தபோது தலைவரின் முகம் சிவந்து, அந்தச் சிவப்பு வழுக்கைத் தலை முழுவதும் பரவியது.

"என்னை நீ எண்டு எழுதியிருக்கிறீர்?"

"அண்ணை, நீ எண்டால் முழங்கால். இங்கிலிஷ்" என்றார் ரதீசன்.

"இங்கிலிஷில என்னவாயும் இருக்கட்டும். குறிப்புத் தமிழிலதானே கிடக்கு?"

இரண்டு மணி நேர விவாதத்துக்குப் பிறகு, தலைவரைக் குறிக்கும் இடங்களில் 'நீங்கள் பாட்' என்றும் ஏனையோருக்கு 'நீ பாட்' என்றும் வழங்குவதெனத் தீர்மானமாயிற்று. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட முடியாது என்று எந்த மூடன் சொன்னான்? எங்கள் ஒன்றியம் போட்டுக் காட்டியது.

ரதீசன் இணையத்தில் ஐந்து விதமான கவசங்களை வரவழைத்தார். தோட்டத்தில் களை பிடுங்குகிறவர்களுக்கான மெத்தை ஒன்று. சில்லுப் பூட்டிய பலகையில் உருளும் பிள்ளைகள் போடுகிற பிளாஸ்ரிக் மூடி. ரைல்ஸ் பதிப்பவர்களின் கனத்த கவசம். கால்மேசு மாதிரி இழுத்து ஏற்றும் ஒன்று. கடைசியாக வேட்டைக்காரர்களுக்கென்றே செய்த பச்சை நிறச் சோடி. ஐந்தும் மேசையில் அடுக்கப்பட்டன. இனி யாராவது அவற்றைப் போட்டுத் தவழ்ந்து பார்க்கவேண்டும்.

தலைவர் தம்முடைய முழங்கால்கள் சமூகத்தின் சொத்து என்றார். மேர்வின் தாம் மாதா கோயிலில் முழந்தாளில் நிற்பதே பூசையில் மூன்று நிமிடம்தான் என்று ஒப்புக்கொண்டார். ரதீசனுக்கு அடுத்த கிழமை கிரிக்கெட் மட்ச். நான் குறிப்பு எழுதவேண்டியவன். தவழ்ந்துகொண்டு எழுதினால் எழுத்துக் கோணும்.

அப்போதுதான் மண்டபத்தின் மறுகோடியிலிருந்து 'சரக், சரக்' என்று பிரஷ் தேய்க்கும் சத்தம் கேட்டது. நால்வரும் ஒரே நேரத்தில் திரும்பினோம்.

பிலோமினம்மா தரை தேய்த்துக்கொண்டிருந்தார். மன்னார்க்காரர், அறுபத்துநாலு வயது. செவ்வாயும் சனியும் எங்கள் மண்டபத்தைத் துப்புரவு செய்பவர். எங்களுடைய தரை பலகைத் தரை. மொப் போட்டால் தண்ணீர் ஊறிப் பலகை ஊதிவிடும் என்று தலைவர் எப்போதோ கண்டுபிடித்திருந்தார். ஆகவே பிலோமினம்மா பதினொரு வருடமாக முழந்தாளில் நின்று, கையாலேயே தேய்த்துத் துடைத்து வந்தார். எங்கள் கண் முன்னாலேயே இப்படி ஒரு நிபுணர் இருந்திருக்கிறார்!

"பிலோமினம்மா, உங்களை எங்கட உபகுழுவின்ர 'தொழில்நுட்ப ஆலோசகரா' நியமிக்கிறம்" என்றார் தலைவர்.

"அப்பிடியெண்டால் என்ன ஐயா?"

"நீங்கள் வழமைபோல தேய்க்கவேண்டியதுதான். காலில இதைப் போட்டுக்கொண்டு."

ஐந்து வாரம் ஆராய்ச்சி நடந்தது. பிலோமினம்மா தேய்த்தார், நாங்கள் கதிரையில் இருந்து, ரீயும் ரோல்ஸும் எடுத்தபடி அவதானித்தோம். ரோல்ஸ் துணுக்குகள் தரையில் விழுந்தது ஆராய்ச்சிக்கு மேலும் உதவியது.

தோட்ட மெத்தையைப் பற்றி அவர் சொன்னார்: "நான் முன்னால போறன் ஐயா, அது பின்னாலயே நிக்குது." நான் எழுதினேன்: 'உபகரணத்துக்கும் பயனாளருக்கும் இடையே ஒருங்கிணைப்புக் குறைபாடு.'

பிளாஸ்ரிக் மூடி போட்ட அன்று, சவர்க்காரத் தண்ணீரில் முழங்கால் வைத்தவர் மேடை வரைக்கும் சறுக்கிப் போய், படியில் நெற்றி இடிபட்டு நின்றார். "வேகம் திருப்தி" என்றார் தலைவர், என் காதில். பதிந்துகொண்டேன். ரைல்ஸ்காரரின் கவசமும் இழுத்து ஏற்றும் கவசமும் அவருடைய காலை வெட்டியும் விறைக்கப்பண்ணியும் தகுதி இழந்தன.

ஐந்தாவது வாரம் பச்சைச் சோடி. உள்ளே தடித்த பசை மாதிரி ஏதோ வைத்துத் தைத்திருந்தது. பிலோமினம்மா மண்டபம் முழுவதையும் தேய்த்து முடித்து, எழுந்து நின்று, தம்முடைய இரண்டு கைகளையும் ஆச்சரியமாகப் பார்த்தார்.

"ஐயா, சுவரைப் பிடிக்காமல் எழும்பியிட்டன்!"

அந்த முகத்தில் இருந்த சிரிப்பை அதற்கு முன் நான் கண்டதில்லை. குறிப்பில் அதற்கு இடம் இருக்கவில்லை. 'சுவரின் அவசியம் குறைந்தது' என்று எழுதினேன்.

"ஒரு குறைதான் ஐயா. இந்த ஒட்டுப் பட்டியைப் பிரிச்சு இழுக்கேக்க சர்ர்ரெண்டு கத்துது. மானுக்குக் காது கேக்காதோ?"

"ஆலோசகர் முழங்காலோட நிக்கவேணும். காது வேற துறை" என்றார் தலைவர்.

புதிதாக நான்கு பச்சைச் சோடிகள் வந்தன. பரீட்சித்த பழைய சோடி அலுமாரியில் வைக்கப்பட்டது. நாங்கள் வடக்கே புறப்பட்டோம்.

மலையில் எங்களுக்கு வழிகாட்டியவர் கெனத் என்ற கிழவர். எழுபது வயதிருக்கும். மெலிந்த மனிதர், முழங்காலில் ஒட்டுப்போட்ட பழைய காற்சட்டை. எங்களுடைய எட்டுப் பச்சை முழங்கால்களையும் நெடுநேரம் பார்த்தார்.

"நீங்கள் முழங்காலுக்கு என்ன போடுவீர்கள்?" என்று தலைவர் ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஒன்றுமில்லை. நனையும். பிறகு காயும்."

தலைவர் என் பக்கம் திரும்பினார். "அதை எழுதாதையும்."

மூன்று மணி நேரம் ஏறினோம். கடைசியில் கெனத் கையைக் காட்டினார். சரிவின் அந்தப் பக்கம் ஒரு கலைமான். கிளைக்கொம்பும், பனியில் புகைவிடும் மூக்குமாக, ஒரு கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் தோரணையில் நின்றது. நாங்கள் முழங்காலில் இறங்கினோம்.

ஆகா, என்ன சுகம்! மலையே மெத்தையானது. மேர்வின் செபமாலை சொல்லியபடி தவழ்ந்தார். ரதீசன் தவழும் தன்னைத் தானே படம் எடுத்தார். கல்லும் முள்ளும் எங்களை ஒன்றும் செய்யவில்லை. ஐந்து வார ஆராய்ச்சியின் வெற்றியை ஒவ்வோர் அடியிலும் உணர்ந்தேன்.

மானுக்கு நூறு மீற்றர் தூரத்தில் தலைவர் சேற்றில் புதைந்தார். முழங்கால் கவசம் சேற்றை நன்றாகப் பிடித்துக்கொண்டது, விடவில்லை. இடது கால் வெளியே வந்தது, கவசம் உள்ளேயே நின்றது. கெனத் வாயில் விரலை வைத்து, அசையவேண்டாம் என்றார். மான் தலையைத் திருப்பி எங்களையே பார்த்தது.

இந்த நிலையில் ஒரு தலைவர் என்ன செய்வார்? மற்றக் காலின் பட்டியைப் பிரித்து இறுக்குவார்.

சர்ர்ர்ர்ர்க்.

மலை முழுவதும் எதிரொலித்தது. மான் ஒரு கணம் நின்று, எங்கள் நிலைமையைச் சீர்தூக்கிப் பார்த்து, மிகவும் கண்ணியமாக அடுத்த மலைக்குப் போய்விட்டது. கெனத் நிலத்தில் மல்லாந்து படுத்துச் சிரிக்கத் தொடங்கினார். அவர் எழும்ப வெகுநேரம் ஆயிற்று. தலைவரை எழுப்ப அதைவிட நேரம் ஆயிற்று.

ஆனாலும் எங்கள் நால்வரின் முழங்கால்களிலும் ஒரு கீறல்கூட இல்லை. ஆகவே வேட்டை 'முழு வெற்றி' எனப் பதிவாயிற்று. அடுத்த சனிக்கிழமை மண்டபத்தில் வெற்றி விழா. மான் இல்லாத குறையை ஆட்டிறைச்சிக் கறி தீர்த்தது. இருநூறு பேர் வந்தார்கள், வாழ்த்தினார்கள், குழம்பைத் தரையில் ஊற்றினார்கள், அதன்மேல் ஆடினார்கள்.

செவ்வாய்க்கிழமை உபகுழுவின் நிறைவுக் கூட்டம். பிலோமினம்மா வாளியுடன் வந்து, தரையைப் பார்த்து, எங்கள் மேசைக்கு அருகே தயங்கி நின்றார்.

"ஐயா, ஒரு உதவி. முழங்கால் சவ்வு தேஞ்சு போச்செண்டு டொக்டர் சொன்னவர். ஒப்பரேசன் செய்யப் பதினாலு மாசம் பாத்திருக்கவேணுமாம். அந்த அலுமாரியில கிடக்கிற பழைய பச்சைச் சோடியை எனக்குத் தருவியளே? நான் போட்டதுதானே."

பாரதூரமான கோரிக்கை. கதவைச் சாத்திவிட்டு ஆராய்ந்தோம். அவரைக் கதவுக்கு வெளியே நிறுத்தினோம் என்று யாரும் குறை சொல்லக்கூடாது. படியில் இருக்கச் சொன்னோம்.

"குடுத்தால் என்ன?" என்று மேர்வின் தொடங்கினார்.

"அவ அங்கத்தவர் இல்லை" என்றார் தலைவர். "இண்டைக்கு முழங்கால் கேப்பினம். நாளைக்குக் கையுறை கேப்பினம். பிறகு மொப் கேப்பினம்!"

"அதோட அது ஹன்ரிங் கியர் அண்ணை. கிளீனிங்குக்குப் போட்டால் வொறன்ரி போயிடும்" என்றார் ரதீசன்.

ஒரு கணம் என் பேனா நின்றது. இரு கைகளையும் விரித்துப் பார்த்துச் சிரித்த அந்த முகம் நினைவுக்கு வந்தது. ஆனால் என்னுடையது அனுபவமுள்ள பேனா. அது தொடர்ந்து எழுதியது. அந்தச் சோடி ஒன்றியத்தின் 'வரலாற்றுச் சின்னம்' என்பதால் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப்படும். ஆலோசகரின் பெயர் அதன் கீழே பொறிக்கப்படும். தீர்மானத்தை முன்மொழிந்தவன் நான்தான்.

கதவைத் திறந்து தலைவர் அதை வாசித்துக் காட்டினார். பிலோமினம்மா கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். பிறகு சிரித்தார். மெதுவாகத் தொடங்கி, வாளியில் தண்ணீர் தளும்பும்வரை சிரித்தார்.

"தம்பி" என்றார். பதினொரு வருடத்தில் முதல் தடவையாகத் தலைவரைத் தம்பி என்றார். "என்ர பேரைக் கீழ போடப்போறியளோ? பேர் கிடக்கட்டும். சாமானும் உங்களிட்ட இருக்கு, பழக்கமும் மலையில எடுத்திட்டியள். தரை இந்தாருக்கு."

வாளியை மேசைக்குப் பக்கத்தில் வைத்தார். பிரஷ்ஷைக் கூட்டக்குறிப்பின் மேலேயே வைத்தார். கைப்பையை எடுத்துக்கொண்டு, படிக் கைப்பிடியைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார். இப்போது அவருக்குத் தம்முடைய பங்குக் கோயில் மண்டபத்தில் வேலை. அங்கே நீளக் கைப்பிடி மொப் இருக்கிறதாம். முழந்தாளில் நிற்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தானாம், அதுவும் கடவுளுக்குத்தானாம்.

எங்கள் மண்டபத்தில் குழம்பு காய்ந்துவிட்டது. வருகிற சனிக்கிழமை ஓவியா என்ற பிள்ளையின் அரங்கேற்றத்துக்கு மண்டபம் பதிவாகியிருக்கிறது. நேற்று நாங்கள் நால்வரும் பச்சைக் கவசங்களைப் பூட்டிக்கொண்டு, வாளியைச் சுற்றி ஒரு மணி நேரம் நின்றோம். உலகத் தரம் வாய்ந்த கவசங்கள். ஆராய்ச்சியால் நிரூபிக்கப்பட்டவை. எல்லோரும் மற்றவரைப் பார்த்தோம். ஒருவரும் இறங்கவில்லை.

எங்களுக்கு முழங்கால் எப்போதும் இருந்தது. அதை மடக்குவதற்குத்தான் ஆள் வைத்திருந்தோம்.